பில்லின் அடியில்

சைபர் நாலு ஒண்ணு ஆறு
செய்த கம்பெனியின் எண்.
ஐந்து சைபர் ஒண்ணு ஒண்ணு
இதன் எண்.
இரண்டையும் சொல்லிக் கூப்பிட்டேன்.
அனுமதி இல்லை என்றது திரை.

தோட்டப்பாளையம். இரவு பத்தரை.
பாதி இறக்கிய ஷட்டர்.
ஃப்ரிட்ஜில் இன்சுலினை எண்ணிக்கொண்டே
தனகோட்டி கேட்டார்:
"நம்ம காசுல வாங்கின மிஷினு,
இன்னாத்துக்குப்பா அனுமதி?"

வாங்கிக் கொடுத்தேன்.
அடுத்து, வேறு யாரோ பிடித்திருப்பதாகச் சொன்னது.
யாருமில்லை.
கணினியே ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு
மறுகையால் என்னைத் தள்ளுகிறது.
விடு என்று பைத்தானில் ஒரு வரி.
விட்டது.

ஆங்கிலம் மடமடவென வந்தது.
பாரசிட்டமால், பஞ்சு, ஐந்து மில்லி ஊசி.
நன்றி மீண்டும் வருக என்று அனுப்பினால்
கேள்விக்குறிகள்.
எண்ணினேன், பதினேழு.
எழுத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று,
கொக்கிக்குத் தனியாக ஒன்று.

அதற்குத் தமிழ் தெரியாது, கரும்புள்ளி தெரியும்.
வரிசைக்கு முந்நூற்று எண்பத்து நான்கு.
அந்த மூன்று சொல்லைப் படமாக்க
இரண்டு ராத்திரி.
முதலில் மீயின் தலை வெட்டுப்பட்டது.
பிறகு, எங்கே நிறுத்துவது என்று நான் எழுத மறந்ததில்
மீண்டும் வருக மீண்டும் வருக மீண்டும் வருக
காட்பாடி வரை போயிருக்கும்,
தனகோட்டி ஒயரைப் பிடுங்கவில்லை என்றால்.

காலையில் முதல் பில்
பேர்ணாம்பட்டு அம்மாளுக்கு.
மகனுக்கு ஆறாவது மாதம்.
சூடாறாத தாளை
மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வந்தவள்
அடியில் நின்றாள்.
அதில் அவள் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.
"இன்னா தம்பி,
மறுபடியும் வரச் சொல்லி எழுதியிருக்கீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
வரிசை சிரிக்கவில்லை.
மால்டாவிலிருந்து வந்தவர்
பின்னால் நின்றவரிடம் அர்த்தம் கேட்டு
தன் பில்லை ஒருமுறை பார்த்தார்.

வரியின் முன்னால் ஒரு ஹாஷ் போட்டேன்.
அழிக்க மனம் வரவில்லை,
இரண்டு ராத்திரி.

அடுத்த பில்லில்
கத்தி மொத்தத் தொகையின் மேலேயே இறங்கியது.
மறந்துவிட்டேன்:
அச்சாகும் இடம் வேறு, வெட்டும் இடம் வேறு.
இரண்டுக்கும் நடுவே
கொஞ்சம் தாள் சும்மா நகர வேண்டும்.

நான்கு வெற்று வரி சேர்த்தேன்.

மால்டாக்காரர்
அந்த வெள்ளையில்
பேனா இரவல் வாங்கி
வார்டு நம்பரை எழுதிக்கொண்டு போனார்.
பேனா திரும்பி வரவில்லை.