பெயரில்லாதவனின் கோப்புறை

இரவு ஒன்பதுக்கு மேல்தான் மின்சாரம் மலிவு.
அதுவரை அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.
உலான்பத்தாரின் புகையெல்லாம்
எங்கள் மேட்டுக்குத்தான் ஏறி வரும்.

கறுப்புச் சன்னல் திறந்தது.
முதல் வரியிலேயே அவன் பெயர்:
நெர்குய்.
எங்கள் மொழியில் 'பெயரில்லை' என்று பொருள்.
அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லையாம்.
தேடி வருவது எதுவானாலும் ஏமாந்து திரும்பட்டும் என்று
அப்படி வைத்தார்கள்.
மடிக்கணினி அவனுடையது.
ஆள் கொரியாவில், இன்ச்சியோனில்,
ஏதோ சாயத் தொழிற்சாலையில்.
கடைசியாகப் பேசியது ஆகஸ்டில்.
அவன் பெயருக்குப் பக்கத்தில்
துடிக்கிற சிறு கோடு மட்டும்
சொல், எதையாவது சொல் என்கிறது.

போன் டேட்டாவில் கம்பைலரை இறக்க
மூன்று இரவு ஆயிற்று.
நிறுவியாயிற்று என்றது; நம்பினேன்.
ஜிசிசி என்று அடித்தால்
அப்படி ஒன்று
அகக் கட்டளையும் இல்லையாம்,
புறக் கட்டளையும் இல்லையாம்.
அட, வீட்டுக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது!

இருந்தால் போதாது.
எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும்.
பாதை என்றொரு நீண்ட வரி,
அரைப்புள்ளிக்கு அரைப்புள்ளி ஒரு வாசல்.
கடைசியில் என்னுடையதையும் சேர்த்தேன்.
அடித்தேன்.
அதே பதில்.

கரி போட எழுந்தேன், உப்புத் தேநீரைச் சூடாக்கினேன்,
திட்டினேன், திரும்பி வந்து படித்தேன்:
முன்பே திறந்திருக்கிற சன்னலுக்குப்
புது விலாசம் தெரியாதாம்.
திறந்த நிமிடத்து உலகத்தோடேயே
அது இருந்துவிடுமாம்.
மூடினேன். திறந்தேன்.
பதிப்பு எண் வந்தது.
பக்கத்து வேலியில் நாய் குரைத்தது.

பிறகு அவன் பெயர் வழி மறித்தது.
கோப்பு இருக்கிறது, கண்ணெதிரே.
இல்லவே இல்லை என்கிறது கம்பைலர்.
சிரில்லிக் எழுத்து அதற்குப் பிடிபடவில்லை,
ஆறு எழுத்துக்கு ஆறு கேள்விக்குறி.
தேடி வந்தது ஏமாந்து திரும்புகிறது.
அவன் அம்மா செய்த ஏற்பாடு
இன்னும் வேலை செய்கிறது!

வன்தட்டின் வேரில் வேறொரு கோப்புறை திறந்தேன்.
லத்தீன் எழுத்தில் 'அஜில்' என்று பெயர். வேலை.
அங்கே குடிபோனேன்.

நிரல் ஒன்றும் பெரிதில்லை.
டிசம்பரில் நான் தரம் பிரித்த வெள்ளாட்டு மென்ரோமம்
முப்பத்தொரு மூட்டை,
எடை எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.
கூட்டிச் சொல், அவ்வளவுதான்.

முன்னூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றது.

சம்பளச் சீட்டிலும் அதுதான்.
அப்படியானால் காகிதத்தில்
நான் மூன்று தரம் கூட்டியது தப்பு.
கரி சாம்பலாகிற வரை
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
மூட்டைகளை முழு எண் என்று அறிவித்தவள் நானே.
புள்ளிக்குப் பின்னால் வந்ததையெல்லாம்
சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறது.
பன்னிரண்டு புள்ளி ஒன்பதும் அதற்குப் பன்னிரண்டுதான்.
ஒரு சொல்லை மாற்றினேன்.

நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு.

எனக்குத் தெரியாமல் நடந்த பிழை.
எடைமேடைத் தம்தினுக்கு
எப்படி நடந்ததென்று கேட்க வேண்டும்.

மேல்நோக்கும் அம்பை அழுத்தினால்
போன கட்டளை திரும்பி வருகிறது.
ஆறு தரம் ஓட்டினேன். அதே எண்.
ஏழு மணிக்குப் பேருந்து.
பிரிண்டர் கிடையாது;
திரையைப் போனில் படம் பிடித்தேன்.
படத்தின் மேல் ஓரத்தில், பழைய வரி ஒன்றில்,
நெர்குய் தெரிகிறான்.
வெட்டிவிடலாம்தான்.
வெட்டாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.