தொடுவதற்கு முன்

மேசையில் ஒரு பீங்கான் உருளை.
ஆரம் பதினொரு மில்லிமீட்டர், உயரமும் அதே.
நான் வரும்வரை ஃபஸ்லான் அதை
கரண்ட் பில்லுக்குப் பாரமாக வைத்திருந்தான்.

அன்டெனா ஆகப்போகிற பொருள்.
உலோகம் இல்லை, மின்சாரம் ஓட வழி இல்லை.
ஆனால் அலை உள்ளே நுழைந்தால்
சுவருக்குச் சுவர் தயங்கித் திரும்பி
கொஞ்சம் கொஞ்சமாய்க் கசியும்.
அந்தக் கசிவில்தான் எங்கள் இருவருக்கும் சம்பளம்.

வெள்ளவத்தை, ஹம்டன் ஒழுங்கை, மூன்றாம் மாடி.
மருதானை ரயில் ஜன்னலை உலுக்கிவிட்டுப் போயிற்று.
உருளையின் தோலை முக்கோணங்களாய் வெட்டிவிட்டேன்:
ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொரு விளிம்பிலும் தெரியாத எண் இரண்டு,
மின்னோட்டம் ஒன்று, காந்த ஓட்டம் ஒன்று.
மடிக்கணினியின் விசிறி
மீன் பொரிக்கும் சத்தத்தில் ஓடுகிறது.

கேட்பது இவ்வளவுதான்:
யாரும் தொடாதபோது,
எந்த சிக்னலும் வந்து தட்டாதபோது,
நீ உன்பாட்டில் எப்படி அதிர்வாய்?

இந்த நகரத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.
சொந்த இடம் எது, வீடு வாடகையா,
எத்தனை பேர், எவ்வளவு நாள்,
கிராம சேவகர் கடிதம் எங்கே.
கேள்வி எந்தப் பக்கத்தால் நுழைந்ததோ
அந்தப் பக்கம் மட்டும் அதிர்ந்து காட்டினேன்.
(ஒப்பிடவில்லை.
பீங்கானுக்குப் பொலிஸ் பதிவு தேவையில்லை.)

பதினொன்று நாற்பதுக்கு விடைகள் இறங்கின.
லாம்டா பூச்சியத்தைத் தொடும் இடத்தில்
பொருள் தானாகப் பாடவேண்டும்.
எட்டுக் கோடுகள் தொட்டன.
இத்தனை சின்ன உருளைக்கு எட்டா?

வெறும் உலோகம் என்றால் கணக்கு நேரே நடக்கும்.
இங்கே அது பொய்யும் பெறும்.
உள்ளும் புறமும் ஒன்றையொன்று அறியாத ஓட்டங்களுக்கு
முடிச்சுப் போட்டுவிட்டு
இதுவும் உன் பிள்ளைதான் என்று நீட்டும்.
எண்ணை மட்டும் பார்த்தால் அசலும் போலியும் ஒரே வரிசை.

எட்டையும் வெளியே அனுப்பிப் பார்த்தேன்.
வெகுதூரத்தில் ஒரு கோளம் வரைந்து
அதைக் கடந்துபோகும் சக்தியைக் கூட்டினேன்.
கிளம்பும்போது சொன்ன அளவு
போய்ச் சேர்ந்ததா?
ஐந்து சேரவேயில்லை.

மிஞ்சியது மூன்று.
அதிலும் இரண்டு இரட்டையர்:
ஒரே எண், தொண்ணூறு பாகை திரும்பிய முகம்.
வட்டமான ஒன்றுக்கு
எது கிழக்கு, எது கடல் என்று
யாராவது சொன்னால்தான் தெரியும்.

காலையில் ஃபஸ்லான் கேட்டான்:
"கம்பியை எந்தப் பக்கம் வைக்க?"
நடுவில் வைத்தால் மூன்றாவது மட்டும் விழிக்கும்.
ஓரத்தில் வைத்தால் இரட்டையரில் ஒருத்தி வருவாள்,
மற்றவள் திரும்பியும் பாராள்.
தொடாவிட்டால்
மூவரும் எப்போதும்போல் உள்ளே இருப்பார்கள்,
பில்லுக்குப் பாரமாய்.

"ஓரத்தில்," என்றேன். "கடல் பக்கம்."
காரணம் இல்லை. அவனும் கேட்கவில்லை.
செப்புக் கம்பியைத் தரைத்தகட்டால் ஏற்றி
உருளையின் விலாவில் சாய்த்து ஒட்டினான்.

திரையில் கோடு நடந்து வந்து
ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது.
மூன்றரை கிகாஹேர்ட்ஸ் என்று நான் சொன்ன குழி
மூன்று தசம் நான்கு மூன்றில் இருந்தது.

விற்றவன் தந்த தாளில் 9.8.
துண்டு தன்னை 10.3 என்கிறது.
இரவு முழுக்க நான் கேட்டது
அந்தத் தாளில் இருந்த இன்னொரு துண்டை.

ஃபஸ்லான் ஒன்றும் சொல்லவில்லை.
பஞ்சிகாவத்தையில் வாங்கிய வைர அரத்தை எடுத்தான்.
நான் புது எண்ணைப் போட்டு
மறுபடி முக்கோணம் வெட்டத் தொடங்கினேன்.
அவன் தேய்க்கத் தேய்க்க
வெள்ளைத் தூள்
பில்லின் மேல், கட்டவேண்டிய தொகையின் மேல்,
கடைசித் திகதியின் மேல்.