சிவப்பு ஒயர்

இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால்
சமையல் விளக்கு கண்ணடிக்கிறது.
பிரேக்கை மிதித்தால் ரேடியோ இருமுகிறது.
தண்ணீர் மோட்டார் ஓடும்போதோ
பேருந்து முழுக்க
ஒரு பழுப்பு அந்தி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஹோக்கிடிக்காவுக்குத் தெற்கே, ஆறு கடலில் சேருமிடம்.
மூன்று நாளாய் மழை.
நாற்பத்தைந்து வயது பெட்ஃபோர்டு,
பண்ணைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன வண்டி,
இப்போது எங்கள் படுக்கையறை, அடுப்படி,
சில ராத்திரிகளில் போர்க்களம்.

ஒயரிங் செய்தவன் பெவன்.
வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டு
ஏதோ மீன்பிடிக் கப்பலில் சமையலுக்குப் போய்விட்டான்.
அவனிடம் இருந்தது ஒரே ஒரு சுருள் ஒயர்.
சிவப்பு.
விளக்குக்குச் சிவப்பு, ஃப்ரிட்ஜுக்குச் சிவப்பு,
போகிறதும் சிவப்பு, திரும்பி வருகிறதும் சிவப்பு.
பலகையைக் கழற்றியதும் நைரி எட்டிப் பார்த்தாள்.
பதினோரு வருடம் ஆட்டுத் தொட்டியில் வேலை பார்த்தவள்.
"வயிற்றைக் கிழித்த மாதிரி இருக்கிறது" என்றாள்,
"ஆனால் ஆட்டில் எது எங்கே போகிறதென்று
எனக்குத் தெரியும்."

முதல் நாள் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி
ஜாம் டப்பாவில் போட்டோம்.
பெவனைத் திட்டினோம்.
இரண்டாம் நாள் ஒயருக்கு ஒயர் காகிதம் ஒட்டிப் பெயர் வைத்தோம்.
பதினேழாவதன் பெயர் "யாருக்குத் தெரியும்".
பெவனின் அப்பாவையும் சேர்த்துத் திட்டினோம்.
மணல் ஈக்கள் கணுக்காலைத் தின்றன.
புதரிலிருந்து ஒரு வெக்கா வந்தது,
தவிட்டு நிறம், பறக்காத பறவை, கூச்சமே இல்லை,
பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கவ்விக்கொண்டு
ஓடியே போய்விட்டது.

மூன்றாம் நாள்,
வேறொன்றும் தோன்றாமல்,
மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தேன்,
மறுமுனையைப் பேருந்தின் உடம்பில்.
"மோட்டாரைப் போடு."
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய எண்
மூன்று புள்ளி ஒன்று என்றது.

எர்த் இல்லை.
ஐந்து டன் இரும்பு, ஈர மண்ணில் புதைந்த ஆறு டயர்,
ஆனாலும் எர்த் இல்லை.
புறப்பட்டுப் போன மின்சாரம்
வீடு திரும்ப வழி அடைபட்டு
இண்டிகேட்டர் வழியே நுழைந்து,
ரேடியோ வழியே நுழைந்து,
கண்ட கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அட்டைப்பெட்டியை விரித்து வண்டிக்கு அடியில் ஊர்ந்தேன்.
கையளவு பட்டை ஒயர், அதன் நுனியில் போல்ட்,
போல்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே
நீலம்.
டிசம்பர் வெயிலில், சட்டையில்லாமல்,
போல்ட்டையெல்லாம் கழற்றி வைத்து,
ஒரு அங்குலம் விடாமல்,
இரண்டு கோட்டு நான் அடித்த நீலம்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மழை மட்டும் கூரையில் சொல்லிக்கொண்டிருந்தது.

சுரண்டினேன்.
தோல் தோலாய் உரிந்து,
இரும்புக்கு முந்தி எழுத்து வந்தது.
ஆணியால் கீறிய கோணல் எழுத்து:
"இந்த இடத்தில் பெயின்ட் வேண்டாம். பெவன்."

அவனைத் திட்டிய மூன்று நாள் வசவை
இனி எந்தக் கடலுக்கு அனுப்பித் திரும்ப வாங்குவது?
நைரி டார்ச்சைப் பிடித்தபடி குனிந்து படித்தாள்,
மறுபடியும் படித்தாள்,
பிறகு ஆணி ஒன்றைத் தேடி எடுத்து
"வேண்டாம்" என்பதற்கு அடியில்
அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

இரும்பு வெள்ளியாகும்வரை தேய்த்து,
வாசலின் தடவி,
ஸ்பேனர் இல்லாததால் குறட்டால் முறுக்கி,
விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் நான்கு.
குழாயில் தண்ணீர் வந்தது, வெளிச்சம் அப்படியே நின்றது.

ராத்திரி ஒருமுறை எழுந்துபோய்
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து
சும்மா இண்டிகேட்டரைப் போட்டுப் பார்த்தேன்.
வெளியே ஈரப் புல் மட்டும் மஞ்சளாகி மஞ்சளாகி அணைந்தது.
சமையல் விளக்கு
என்னைத் தெரியாதது போல் இருந்தது.