மணிக்கூடு

செவ்வாய் விடிய நாலே முக்காலுக்கு
மணிக்கூடு கண் திறக்கேல்லை.
தட்டிப் பார்த்தன். கறுப்பு.
வலப்பக்கப் பொத்தானை அமத்திப் பிடிச்சு
பத்து மட்டும் எண்ணினன். கறுப்பு.
முப்பது மட்டும் எண்ண வேணுமாம்,
பெட்டிக்குள்ளை வந்த புத்தகத்திலை கிடக்காம்,
வதனா குசினிக்குள்ளை நிண்டு கத்தினாள்.
எண்ணினன்.
கண்ணாடியிலை என்ர மூக்குத்தான் தெரிஞ்சுது.

பஸ் எண்டால் எனக்குத் தெரியும்.
பற்றரி இறங்கினால் நாலு பேரை இறக்கி
இரண்டாம் கியரிலை போட்டுத்
தள்ளச் சொல்லலாம்.
இதை எங்கை பிடிச்சுத் தள்ளுறது?

அன்ரனிதாஸ், என்ர கொண்டக்டர்,
எல்லாத்துக்கும் ஒரு வைத்தியம் வைச்சிருப்பான்.
"அரிசிக்குள்ளை தாட்டு விடுங்கோ அண்ணை,
ஈரத்தை உறிஞ்சும்."
"ஈரமே படேல்லையடா."
"வேர்வை?"
நான் மறுமொழி சொல்லேல்லை.
அச்சுவேலியிலை ஆள் ஏறுது.
பங்குனி வெயில் ஸ்டியறிங்கிலை ஏறிக் குந்தியிருக்கு.

வேறை வயர் கொழுவினன்.
வேறை சார்ஜர்.
நெல்லியடியிலை பழக்கடைக்காரன்ர பிளக்,
பிறகு டிப்போவிலை ஒண்டு.
பால் குடியாத பிள்ளையை
டொக்டர் டொக்டராக் கொண்டு திரியிற மாதிரி
கறண்ட் இருக்கிற இடமெல்லாம் கொண்டு திரிஞ்சன்.

இரவு பதினொண்டரைக்குப் போன்.
பேர்ணிலை இருந்து கோபிதன்.
"அப்பா, விடியக்காலமைக்குப் பிறகு
உங்கட இதயம் இல்லை."
"இருக்குதடா."
"இங்கை காட்டேல்லை."
"அங்கை காட்டாட்டி என்ன, இங்கை கிடந்து அடிக்குது.
போனை நெஞ்சிலை வைக்கட்டே?"
சிரிக்கேல்லை.
எனக்கு ஸ்ரென்ட் வைச்ச நாளையிலை இருந்து
அவன் சிரிக்கிறேல்லை.
போன கிழமை
பின்னேரம் மூண்டு மணிக்கு ஏன் நூற்றிப் பதினாறு எண்டு கேட்டவன்.
டயர் மாத்தினனான் எண்டு சொல்லுவனே?
வெயிலுக்குள்ளை நடந்தனான் எண்டன்.

புதன் எனக்கு லீவு.
கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேலை,
ஒராள் மட்டும் ஏறக்கூடிய படி.
யதுர்சிகா எண்ட பிள்ளை வாங்கித் திருப்பினாள்.
முதுகிலை இருந்த இரண்டு புள்ளியையும்
லாம்புக்குக் கீழை பிடிச்சாள்.
"பச்சை தெரியுதே? களிம்பு.
உங்கட உப்புத்தான் தின்னுது."
பல்லு மினுக்கிற பிறஷ், கொஞ்சம் ஸ்பிரிட்.
ஐஞ்சு நிமிசமும் இல்லை.
"பற்றரி அடியோட வத்தினால் உடனை எழும்பாது.
சார்ஜிலை போட்டிட்டு ஒரு மணித்தியாலம்
அதைப் பார்க்காமல் இருங்கோ.
பார்த்துப் பார்த்து அமத்தினால்
ஊறிற கறண்ட் எல்லாம்
முழிக்கிறதிலையே போயிடும்."
முந்நூறு ரூபா.

வாங்கிலை இருந்தன். பார்க்கேல்லை.

பார்க்காமல் இருக்க
வல்லை வெளி வந்து நிண்டுது.
நேற்றுப் பின்னேரம், பாலத்துக்கு இங்காலை,
காத்து அடிச்ச அடியிலை
ஒரு பெடியன் சைக்கிளோட சரிஞ்சு
முன் சில்லுக்கு முன்னாலை.
பிறேக்.
ஐம்பது பேரும் ஒண்டா முன்னுக்கு வந்தினம்.
ஆற்றையோ மீன் பை உடைஞ்சுது.
பெடியன் எழும்பிச் சறத்தைத் தட்டினான்,
"சொறி அண்ணை" எண்டான், உழக்கிக்கொண்டு போட்டான்.
ஸ்டியறிங்கிலை இருந்து
கையைக் கழட்ட ஏலாமல் இருந்தன்.
நெஞ்சுக்கூட்டுக்குள்ளை
தகரக் கூரையிலை ஆரோ கல்லெறியிற சத்தம்.
அன்ரனிதாஸ் இரண்டு தரம் மணி அடிச்சான்.
மூண்டாம் தரமும் அடிச்சான்.
அது எத்தனை துடிப்பெண்டு
பேர்ணிலை ஒருத்தருக்கும் தெரியாது.

"அண்ணை, முழிச்சிட்டுது."

வெள்ளையா ஒரு புள்ளி, பிறகு எழுத்து, பிறகு நேரம்.
கையிலை கட்டி முடியேல்லை, அதிர்ந்துது:
எழும்பி நடக்கட்டாம்.
படியிறங்க முதல் கோபிதன்ர மெசேஜ்.
"வந்திட்டியள் அப்பா.
நடுவிலை வெறுமையாக் கிடக்கு.
ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

ஒண்டும் நடக்கேல்லை எண்டு அடிச்சு அனுப்பினன்.

மணிக்கூடு தொண்ணூற்றி எட்டு எண்டு காட்டிச்சுது.
அங்கையும்.