எங்க மாதிரி

சல்மாபாத். வெள்ளிக்கிழமை, காலை ஏழரை.
பன்னிரண்டு கட்டில்களைச் சுவரோரம் தள்ளி
பனிப்பெட்டியை நடுவில் வைத்தேன்.
படிவத்தில் "உமிழ்நீர் மாதிரி" என்றிருந்தது.
"எச்சியா?" என்றார் தவசியாண்டி.
"எங்க மாதிரி ஆளுங்ககிட்ட எதுக்கும்மா மாதிரி?"

சாரம் கட்டுபவர். உள்ளங்கையில் துருவின் நிறம்.
குழாயை வாங்கியவர்
அப்படியே தரையில் வைத்தார்.
எச்சிலை ஒரு பெண்ணின் கையில் கொடுக்க
அவருக்கு வரவில்லை.
கையுறையைக் காட்டினேன்.
"அது உங்க கைக்கு. எனக்குக் கூச்சமா இருக்கே, அதுக்கு?"

பயம் வேறு.
விமானம் இறங்கிய வாரமே எடுத்த ரத்தத்தை
இங்கே யாரும் மறக்கவில்லை.
நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல்,
கூட வந்த ஒருவன் பெட்டியைப் பிரிக்காமலே திரும்பிப் போனான்.
"இதுலயும் அன்ஃபிட்டுன்னு வருமா?"
வராது என்று மூன்று முறை சொன்னேன்.
மூன்றாவது முறை
என் குரலே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பதினான்காம் கேள்வி: பெற்றோர் உறவினரா?
"ஆமா. எங்கம்மா, அப்பாவோட அக்கா மக."
கட்டம் தேடினேன்.
சித்தப்பா மகள் உண்டு, அத்தை மகள் உண்டு,
தாய்மாமனுக்கு இடமில்லை.
டாக்டர் லுல்வாவிடம் அரபியில் சொன்னேன். விழித்தார்.
தன் பெற்றோர் அண்ணன் தம்பி பிள்ளைகள் என்றார்.
அதைத் தமிழில் சொன்னதும் அறை திகைத்தது:
"பங்காளி வீட்லயா? அண்ணன் தங்கச்சி முறையில்ல அது!"
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
ஓரத்தில் கையால் ஒரு கட்டம் வரைந்தோம்.
கோணலாக வந்தது.

எச்சில் வரவில்லை.
ஆகஸ்டில் யார் வாயில் இருக்கும் ஈரம்?
வேண்டியது இரண்டு மில்லி.
கோட்டுக்கு மேல் நுரை, கீழே ஒன்றுமில்லை.
மன்னார் கிருபானந்தம் ஓர் எலுமிச்சையை வெட்டி
எல்லாருக்கும் தெரிய நக்கினார்.
யாரோ மாங்காய் என்றார்கள், யாரோ மிளகாய்த்தூள்.
ஜபருல்லா கண்ணை மூடிக்கொண்டு
புளி, புளி, புளி என்று ஓதினார்.
குழாய்கள் மெல்ல ஏறின.

இது எங்கே போகும் என்றார் கிருபானந்தம்.
ஃப்ரீஸருக்கு. மைனஸ் எண்பது.
எத்தனை வருசம்?
இருபது.
"எனக்கு ரெண்டு வருச விசா. என்ர எச்சிலுக்கு இருபதோ?"
அவர் மட்டும்தான் சிரித்தார்.
வேண்டாமென்றால் அழித்துவிடுவோம் என்று
ஒன்பதாம் பத்தியைப் படித்துக் காட்டினேன்.
"ஊருக்குப் போன பிறகு ஆரிட்டக் கேக்கிறது?"
என் எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
அதுவும் கம்பெனி சிம்.

லுல்வா பொறுமையாக விளக்கினார்:
உலகம் சேர்த்த மரபணுப் பட்டியலில் உங்களைப் போன்றவர்கள் குறைவு,
முப்பத்தைந்து வயதில் சிறுநீரகம் சுருங்குவது ஏன்,
உடலுக்குள்ளேயே விடை எழுதியிருக்கலாம்.
ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.
தவசியாண்டி கடைசிவரை கேட்டார்.

"இருக்கலாம். ஆனா ஒம்பதாம் மாடிச் சாரத்துல நிக்கிறோம்,
தண்ணி கீழ டிரம்முல.
இறங்கி ஏறினா அரை மணி நேரக் கூலி போச்சு.
குடிச்சா ஒண்ணுக்கு வரும், அதுக்கும் இறங்கணும்.
அதனால குடிக்கிறதில்ல.
அந்தக் கேள்வி எத்தனாவது?"

நாற்பது கேள்விகள்.
பின்பக்கமும் புரட்டிப் பார்த்தேன்.

லுல்வா பேனாவை மூடினார், திறந்தார்.
அனுமதிக் குழு, புதிய ஒப்புதல், மூன்று மாதம் என்று
தனக்குத்தானே முணுமுணுத்தார்.
பிறகு நாற்காலியை இழுத்து
கட்டில்களின் பக்கம் போட்டுக்கொண்டார்.

பிரியாணிப் பெட்டியின் மூடியைக் கிழித்து
கிருபானந்தம் எழுதினார்:
41. கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்?
எத்தனை மாடி இறங்கி?

"அதுவரைக்கும் எச்சியை வச்சுக்குங்க."
தவசியாண்டி குழாயை இந்த முறை
என் கையில் கொடுத்தார்.
வெதுவெதுப்பாக இருந்தது.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
எண்ணை ஒட்டினேன்.