சேதாரம்

காரைக்காலில் நான் எப்போதும் வாங்குவது
இனிப்பாய் ஒரு சிவப்பு.
மாதம் ஒரு புட்டி, இருநூற்றெண்பது ரூபாய்.
இருமல் மருந்துக்கு அண்ணன் என்பாள் அபயம்.

இந்த முறை அது இல்லை.
கடை அந்துவான் மேல்தட்டில் கைவிட்டு
தூசி தட்டி ஒன்றை வைத்தான்.
"இத்தாலி சார். கேக்க ஆளில்ல.
பாதி வெலைக்குத் தர்றேன்."
பாதி விலையே கால் கிராம் தங்கம்.
புட்டியின் கழுத்தில் ஒரு கருஞ்சேவல்,
எந்த முனியனுக்கோ நேர்ந்துவிட்டது போல
விறைத்து நின்றது.
வாங்கிவிட்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.
முப்பது வருடமாய்க் கூட்டுறவு வங்கியில்
அடுத்தவர் நகையை உரசிப் பார்ப்பவனுக்கு
ஒரு நாள் தன் நாக்கை உரசிப் பார்க்கத் தோன்றியது.

நண்டலாறு சோதனைச் சாவடி.
மழை. டார்ச் வெளிச்சம் இருக்கை இருக்கையாய் வந்தது.
சாப்பாட்டுப் பைக்குள் நாட்காட்டித் தாள் சுற்றிய சேவல்
மூச்சடக்கியது.
காவலர் என் முகத்தைப் பார்த்தார்.
அவர் மனைவியின் மூன்றரைப் பவுன் சங்கிலி
பொங்கலிலிருந்து எங்கள் பெட்டகத்தில் கிடக்கிறது.
"தள்ளுபடி வருமா சார்?"
"சொல்றாங்க."
பேருந்து நகர்ந்தது. இரு பக்கமும்
சம்பா நாற்றின் நுனி மட்டும் தெரிந்த வயல்கள்.

மயிலாடுதுறையில் கரண்ட் இல்லை.
தக்கை திருகும் கருவி இந்த ஊரில் யாரிடம் இருக்கும்?
கதவுக் கீலுக்கு வாங்கிய திருகாணி, ஒரு குறடு,
முழங்கால்களுக்கு நடுவே புட்டி.
"பிரசவம்தான்" என்றாள் அபயம், மெழுகுவத்தியைப் பிடித்தபடி.
தக்கை பாதி வெளியே வந்தது,
பாதி உள்ளே விழுந்தது.
டீ வடிகட்டியில் வடித்து
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன்.

முதல் வாய்.
சர்க்கரையைத் தேடி நாக்கு
அலமாரி அலமாரியாய்த் திறந்து பார்த்தது.
இல்லை.
ஈறு இறுகியது. கன்னத்தின் உள்தோல்
வடகம் காய்ந்த துணி மாதிரிச் சுருங்கியது.
முலாம், ஏமாந்துவிட்டாய் என்றது முப்பது வருட அனுபவம்.

"குடுங்க" என்றாள்.
இருபத்திரண்டு வருடத்தில் கேட்டதில்லை.
ஒரு மிடறு. வாயிலேயே வைத்திருந்து
சுடரைப் பார்த்தாள்.
"கொட்டப்பாக்கு.
வெத்தல இல்லாம, சுண்ணாம்பு இல்லாம
வெறும் பாக்கக் கடிச்சா வருமே, அந்தத் தொவர்ப்பு.
அதுக்குப் பின்னால ஏதோ பழம்.
நாவப்பழம் இல்ல."
சொல்லிவிட்டுக் கொசுவத்தி ஏற்றப் போனாள்.

துவர்ப்பு.
அறுசுவையை விரல்விட்டு எண்ணும்போது
எனக்கு எப்போதும் விட்டுப்போவது அதுதான்.
இரண்டாம் வாயில் பாக்கு இருந்தது.
மூன்றாவதில், தூரத்தில்,
பெயர் சொல்லாமல் அந்தப் பழம்.
மீதிக்குப் பாலிதீன் தாள் கட்டி, ரப்பர் பட்டை போட்டு
அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் முடவன் முழுக்கு.
ஐப்பசி முழுக்கத் தவறவிட்டவர்கள்
துலாக்கட்டத்தில் முங்கி எழுந்து
ஈரத்தோடே வங்கிக்கும் வந்தார்கள்.
தரையெல்லாம் கால்தடம்.
கல்லுக்குக் கழித்து, அரக்குக்குக் கழித்து
பதினான்கு பேருக்கு எடை எழுதினேன்.

மாலை, அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தேன்.
நேற்று லேபிளின் மேல் விளிம்பில் விட்டிருந்தேன்,
நன்றாக ஞாபகம்.
சேதாரம் இரண்டு விரற்கடை.
ரப்பர் பட்டையிலும் ஒரு சுற்று கூடுதல்.

அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
திரும்பவில்லை.
"நேத்தைக்கு இன்னிக்குத் தேவல.
காத்துப் பட்டதும் பாக்கு கொஞ்சம் அடங்கிருச்சு."

கத்தி நின்றது.
"அந்தப் பழம்தான்
என்னன்னு இன்னும் பிடிபடல."