வாயளவு

பகலெல்லாம் நான் தண்ணியிலிருந்து உப்பை எடுக்கிறவள்.
வீரபாண்டிக்கு அந்தப் பக்கம்
சாயப்பட்டறைக் கழிவு வந்து சேரும் நிலையத்தில்
சவ்வுக் குழாய்களின் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு
மீட்டரில் எண் இறங்கக் காத்திருப்பேன்.
இறங்கினால் சம்பளம்.

பொழுதோட வீட்டுக்கு வந்து
அதே கையால் டிரம்மில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறேன்.
"உனக்கென்ன கிறுக்கா" என்று
சென்னியப்பன் கேட்டது முதல் வருசம்.
இப்போது அவரே மூட்டையைப் பிரித்துக்கொடுக்கிறார்.

ஆறடித் தொட்டி.
பஸ்ஸில் போனால் கடல் அரை நாள் தூரம்.

சிங்காநல்லூர்க் கடையில் தஸ்நேவிஸ்
மீனைக் காட்டுவதற்கு முன் கையைக் குவித்துக் காட்டுவார்.
"நெறத்தப் பாக்காதீய. வாயப் பாருங்க.
வாய்க்குள்ள போறது தீனி.
போகாததுதான் பக்கத்து வீடு."
தூத்துக்குடிக்காரர்.
களவா ஒன்று, என் விரல் நீளம்தான், மூலையில் நின்றது.
"இப்ப சாது. ரெண்டு வருசம் போனா
இது மட்டும் இருக்கும். நல்லா இருக்கும்."
பேத்தை எங்களைப் பார்த்துச் சிரித்தது.
அதற்கு முகவாக்கே அப்படியாம்.
அஞ்சாலை குழாயிலிருந்து தலையை நீட்டி
வாயைத் திறந்து திறந்து மூடியது.
கோவப்படுதா என்று கேட்டேன்.
"மூச்சு விடுது" என்றார்.

நான் கேட்டது நரிமூஞ்சி ஓரா.
எலுமிச்சை மஞ்சள், முதுகு முள்ளில் விஷம்,
பாசியை மேய்ந்துகொண்டு தன்பாட்டில் போகும்.
சென்னியப்பன் கைகாட்டியது கிளாத்தி:
கறுப்பு உடம்பு, வயிற்றில் வெள்ளை வட்டங்கள்,
யாரோ உதட்டுக்குச் சாயம் பூசிவிட்டது போல ஒரு வாய்.
"சாதுவ மொதல்ல விடுங்க" என்றார் தஸ்நேவிஸ்,
"முரடன் கடைசி.
மொதல்ல வந்தவன் பட்டா போட்டுருவான்."

அது தீபாவளி போனஸ் வாரம்.
கிளாத்திதான் முதலில் வந்தது.

மூன்று மாதம்.
கல்லை வாயால் தூக்கி இடம் மாற்றும்.
ஹீட்டர் வயரைக் கடிக்கும்.
அவர் விரலில் இறாலை வைத்து நீட்டினால்
நாய்க்குட்டி மாதிரி வரும், ஒருமுறை விரலோடு எடுத்தது.
அதற்கும் சிரித்துக்கொண்டார்.

பிறகு ஓரா.
பையை மிதக்கவிட்டு, தண்ணி பழகவிட்டு,
ஒறம்பரையை உள்ளே விட்ட அஞ்சாவது நிமிசம்
வால் ஓரத்தில் பிறைபோல ஒரு துண்டு இல்லை.
பம்ப் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.
மஞ்சள் போய் உடம்பெல்லாம் காப்பிக்கறை.
பட்டறையில் இதை ஷேடு மாறிப்போச்சு என்பார்கள்,
லாட்டைத் திருப்பி அனுப்புவார்கள்.

"பாறையெல்லாம் கலைச்சு அடுக்குங்க,"
போனில் தஸ்நேவிஸ். "எடம் மாறிட்டா
எல்லாரும் புதுசுதான். வீம்பு கொறையும்."

ராத்திரி பதினொன்று. முழங்கைக்கு மேல் உப்புத்தண்ணி.
ஒவ்வொரு கல்லாய் இடம் மாற்றினேன்.
நான் இந்த வீட்டுக்கு வந்தபோது
மாமனாரின் கட்டில் அங்கேயே இருந்தது,
கொழுந்தனின் பீரோ அங்கேயே இருந்தது.
என் பெட்டி நாலு மாசம் அட்டாலியில்.
யாரும் ஒரு கல்லையும் நகர்த்தவில்லை.
இதை அவரிடம் சொல்லவில்லை.
கரண்ட் போயிற்று. பேட்டரி பம்ப் டக்டக்கென்றது.
சென்னியப்பன் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்,
கை வலித்ததும் மாற்றிப் பிடித்தார்.

அப்படியும் கிளாத்தி அடங்கவில்லை.
விடிகாலை அவரே குளியலறையிலிருந்து
சவரக் கண்ணாடியைக் கழற்றி வந்து
தொட்டியின் இடது பக்கம் டேப் போட்டு ஒட்டினார்.
எங்கே படித்தார், கேட்கவில்லை.

கிளாத்திக்குக் கிடைத்துவிட்டது
தன் அளவு உடம்பு, தன் அளவு வாய்,
கொஞ்சமும் பின்வாங்காத ஒருத்தன்.
முள்ளை விறைத்துக்கொண்டு நாளெல்லாம் அவனோடு நின்றது.
வலது பக்கம், கிளிப்பில் மாட்டிய பாசித்தாளை
முதலில் ஒரு கொத்து,
அப்புறம் இரண்டு.

இன்றைக்குப் பதினோராம் நாள்.
குத்துமதிப்பாய்ச் சவரம் செய்து
தாடையில் பஞ்சு ஒட்டியிருக்கிறார்.
"எடுத்துரலாமா?"
ஓராவின் வாலடியில் இன்னும் ஒரு கறை பாக்கி.

சித்தெ இருக்கட்டும் என்றேன்.